ஒட்டுக்கட்டை

2012 செப்ரெம்பர் கடைசியில், ஸ்காபரோவில் ஒரு நேர்சரியின் பின்பக்கத்தில், விலை குறைத்து ஒதுக்கியிருந்த செடிகளுக்கு நடுவே அது நின்றது. கறுத்தப் பிளாஸ்ரிக் சாடி. என் நெஞ்சு உயரம். வெற்றிலை போட்ட வாயின் நிறத்தில் இலைகள். ஒரு பக்கத்துக் கிளை முறிந்து தொங்கியது, அதனால்தான் அரைவிலை. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் இனம் யப்பானிய மேப்பிள், வகை ‘பிளட்குட்’, வளர்ந்த இடம் ஒறிகன் என்று இருந்தது. 35 டொலர் கொடுத்தேன்.

நான் இலையைப் பார்க்கவில்லை, அடியைப் பார்த்தேன். போன்சாய்ப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் முதலில் குந்தியிருந்து அடியைத்தான் பார்ப்பார்கள். மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் தண்டு வீங்கிய முழங்கால் போலப் புடைத்திருந்தது. புடைப்புக்குக் கீழே பச்சை கலந்த சாம்பல் பட்டை. மேலே கறுப்புச் சிவப்பு. இரண்டு மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பது யாழ்ப்பாணத்தில் மாமரத்தோடு வளர்ந்த எவருக்கும் உடனே விளங்கிவிடும். ஒட்டு.

எங்கள் ஊர் கரம்பொன். எழுத்தில் அப்படி, வாயில் கரம்பன். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். வளவில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விவசாயப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து வைத்த கறுத்தக்கொழும்பான் ஒட்டு ஒன்று நின்றது. கடற்கரை ஊரில் நல்ல தண்ணீருக்குப் பட்ட பாட்டில் அந்த மாமரத்துக்கு மட்டும் குறை வைத்ததில்லை. ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையிலிருந்து அவ்வப்போது ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அப்பு உடனே வருவார். “உது புளியன். முறிச்சு ஆட்டுக்குப் போடு.” அந்தக் கட்டை எந்த மாங்கொட்டையில் முளைத்தது, அதன் பழம் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் கேட்டதேயில்லை. மேலே காய்த்ததற்குத்தான் பெயர் இருந்தது.

மேப்பிளிலும் இதே கதைதான். ‘பிளட்குட்’ என்பது நியூயோர்க்கின் லோங் ஐலன்ட் பக்கம் முன்னர் இருந்த ஒரு நாற்றுப்பண்ணையின் பெயர். அந்தச் சிவப்பு விதையில் அப்படியே வராது. பத்து விதை போட்டால் பத்துப் பிள்ளையும் பத்து விதம். சில பச்சையாகவே வரும். தடி வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், ஆனால் நோஞ்சானாய். ஆகவே பண்ணைக்காரர் சாதாரணப் பச்சை மேப்பிளின் விதையை முளைக்கவைத்து, இரண்டு வருடத்தில் பென்சில் தடிப்பு வந்ததும், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து அதன் பக்கத்தில் சீவி, சிவப்பு வகையின் ஒரு சிறு தடியை ஆப்புப் போல இறக்கி, றப்பர் நாடாவால் சுற்றிவிடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் விவசாய விஞ்ஞானத்தில் படித்ததுபோலச் சொன்னால் கீழே இருப்பது ஒட்டுக்கட்டை, மேலே வைப்பது ஒட்டுமுளை. இரண்டின் மாறிழையமும் ஒன்றையொன்று தொடவேண்டும். பட்டைக்கு உள்ளே, ஈரமாக, வழுக்கலாக, கடதாசித் தடிப்பில் இருக்கும் படலம் அது. உரியம் ஒரு பக்கமும் காழ் மறுபக்கமும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. தொட்டால் மூன்று நான்கு கிழமையில் ஒட்டும். தொடாவிட்டால் மேலே வைத்தது காய்ந்த தடி.

தோட்டத்தில் நடுவதற்கு இது போதும். புடைப்பு புல்லுக்குள் மறைந்துவிடும். சாடியில் ஒரு முழ உயரத்தில் நிற்கப்போகிற மரத்துக்கு அது முகத்தில் வெட்டுக்காயம் மாதிரி. இரண்டு பட்டையும் இரண்டு வேகத்தில் வளருவதால் வருடம் போகப் போகக் காயம் பெருக்கும். பரிகாரம் ஒன்றுதான். ஒட்டுக்கு மேலே பதி வைத்து, சிவப்பு மரத்தைச் சொந்த வேரில் இறக்கவேண்டும்.

அதற்கு முன் இந்த இலைக்கும் எங்கள் தீவுக்கும் இடையில் இருக்கும் ஒரு பழைய தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்த கதை. யப்பானியர் மேப்பிளை வகை பிரித்துப் பெயரிடத் தொடங்கி நெடுங்காலம். 1710இலேயே எடோ நகரத்துத் தோட்டக்காரர் இதோ இஹெய் 36 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். மேலைநாட்டு ஏட்டில் அதை ஏற்றியவர் கார்ல் பீற்றர் துன்பேர்க். சுவீடன்காரர், லின்னேயஸின் மாணவர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வைத்தியர். 1775இல் நாகசாகித் துறையில் தெஷிமா என்ற கையகலத் தீவில் இறங்கினார். வெளியே உலாவ அனுமதி கிடைப்பது அருமை. எனவே அங்கு கட்டியிருந்த ஆடுமாடுகளுக்குக் கரையிலிருந்து வரும் புல்லுக்கட்டையும் குழைக்கட்டையும் கிண்டிக் கிண்டி செடிகளைச் சேர்த்தார். 1784இல் வந்த அவருடைய யப்பானியத் தாவர நூலோடு இந்த மேப்பிளுக்கு ‘பால்மாற்றம்’ (palmatum) என்ற இலத்தீன் பெயர் நிலைத்தது. உள்ளங்கை போன்றது என்று அர்த்தம். அதற்கு முன்னால், 1777இல், அதே மனிதர் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் செடி பொறுக்கியிருக்கிறார்.

அந்த நேரம் எங்கள் தீவும் அதே கொம்பனியின் கையில்தான். தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டிருந்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற். காரைநகர் அம்ஸ்ரடாம். நயினாதீவு ஹார்லெம். கரம்பொன் இருக்கும் வேலணைத்தீவு லெய்டன். பிறகு 1823இல் தெஷிமாவுக்குப் போன சீபோல்ட் என்ற இன்னொரு வைத்தியர், நாட்டு வரைபடங்களை வைத்திருந்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, யப்பானியச் செடிகளோடு 1830இல் ஒல்லாந்துக்குத் திரும்பினார். அவர் குடியேறிய ஊரும் லெய்டன். அங்கேயுள்ள பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் அவர் கொண்டுவந்த மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. ஒரு லெய்டன் வழியாக யப்பானின் செடிகள் மேற்கே பரவின. மற்ற லெய்டனில் பிறந்த நான் அவற்றில் ஒன்றைப் பாதிவிலைக்கு வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா டெக்கில் இருந்தார்.

“உது கொடியில இருக்கிற இலையோ?”

கனடாக் கொடியில் 1965 முதல் இருக்கும் பதினொரு முனை இலை சீனி மேப்பிளைப் போன்றது, இது வேறு இனம் என்றேன்.

“காய்க்குமே?”

“இல்லையம்மா.”

“பூக்குமே?”

“பூக்கும். கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும்.”

“பிறகென்னத்துக்கு?”

இன்றுவரைக்கும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பதி வைப்பதில் அம்மாதான் கைகாரி. ஊரில் மாதுளையும் தேசியும் அவர் பதி வைத்து அயலுக்கெல்லாம் கொடுத்தவை. நல்ல கிளையாகப் பார்த்து, கத்தியால் வட்டமாகப் பட்டையை எடுத்து, சாணமும் களிமண்ணும் தும்பும் குழைத்து உருண்டையாகப் பூசி, சாக்குத் துண்டால் சுற்றித் தும்புக்கயிற்றால் கட்டுவார். மேலே ஓட்டைச் சிரட்டை ஒன்று தொங்கும். அதில் விட்ட தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சாக்கில் விழும். எனக்குப் பத்து வயதில் அது புதினமாக இருந்தது. மரம் ஏமாறுகிறது. இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகக் கீழே போகும். வட்டத்தில் வழி அறுந்துவிட்டதால் மேல் விளிம்பில் தேங்கும். தேங்கிய இடத்தில் ஈரமும் இருட்டும் இருந்தால் அங்கேயே வேர் விடும். உள்ளே காழ் அறுபடவில்லை, ஆகவே தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். “தாயில நிக்கேக்கையே வேர் வரவேணும், பிறகு வெட்டினாப் போதும்” என்பார் அம்மா. பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொன்னது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நண்பர், கவிதை எழுதுபவர், “அப்ப இது எங்கட கதையெல்லோ” என்று கண் கலங்கினார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வேர், மண், புலம்பெயர்வு என்று எழுதித் தள்ளிய பக்கங்கள் போதும். மேப்பிளுக்கு ஊர் கிடையாது. அதற்கு வடிகால் வேணும்.

2014 யூன் நடுவில், இளவேனில் இலை முற்றி விறைத்த பிறகு, வேலையைத் தொடங்கினேன். அதிலே ஒரு சிக்கல். பதி வளையத்துக்குக் கீழே இருக்கும் வேருக்குச் சாப்பாடு எங்கிருந்து போகும்? மேலேயிருந்து வருவதை நாங்களே அறுத்துவிடுகிறோம். கீழே ஒரு கிளையாவது இருக்கவேணும். இந்த மரத்தில் ஒட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. முந்திய வருடம் அடியில் ஒரு பச்சைத் துளிர் வந்திருந்தது. அப்புவின் கை என் கையில் இருந்ததால் அதை முறிக்கப் போய், பிறகு விட்டுவிட்டேன். அந்தத் துளிர்தான் வேரைக் காப்பாற்றப்போகிறது. பழைய வேலைக்காரனுக்குச் சம்பளமாக ஒரு பச்சைக் கிளை.

ஒட்டுக்கு இரண்டு விரல் மேலே, தண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம் அகலமாக, ஏறத்தாழ நாலரைச் சென்ரிமீற்றர் பட்டையை வளையமாக உரித்தேன். வழுக்கும் படலத்தை வெள்ளைக் காழ் தெரியும்வரை சுரண்டவேணும். ஒரு நூல் மிஞ்சினாலும் மரம் பாலம் கட்டிவிடும், வேர் விடாது. மேல் விளிம்பில் வேர்த்தூள். சாணமும் களியும் இல்லை; ஈரமான ஸ்பாக்னம் பாசி. சாக்குக்குப் பதில் பொலித்தீன், வெயில் படாமல் மேலே கறுத்த உறை. அம்மா கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மேற்பார்வை. சிரட்டை இல்லாதது அவருக்குக் குறை. அணில் அந்தப் பாசியில் என்ன கண்டதோ, இரண்டு தரம் பொலித்தீனைக் கிழித்தது. பிறகு கோழிவலை சுற்றினேன்.

ஏழாம் கிழமை பொலித்தீனுக்குள் வெள்ளை நூல்கள். ஓகஸ்ட் கடைசியில் அவை பழுப்பாகிக் கிளைத்தன. வாளால் அறுத்தேன். மேல்பாதியைச் சிறு கற்களும் பியூமிசும் கலந்த மண்ணில் நட்டு, காற்று ஆட்டாமல் கம்பியால் கட்டி, கராஜ் ஓரத்து நிழலில் வைத்தேன். கீழே மிஞ்சியது சாடிக்குள் ஒரு குத்தி, ஒட்டுப் புடைப்பு, ஒரு பச்சைத் துளிர். அதை எறிய மனம் வரவில்லை என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் குப்பை எடுக்கும் நாள் தவறிவிட்டது.

அடுத்த மூன்று வருடமும் என் கண் சிவப்பில்தான் இருந்தது. அடியில் வேர்கள் எல்லாப் பக்கமும் வட்டமாகப் பரந்தன. பதி வைத்தால் கிடைக்கும் பெரிய லாபம் அது. ஆனால் மேலே? கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் சுட்டுவிரல் நீளம். இலையோ உள்ளங்கை. நறுக்கினால் இரண்டு கிளை தருவதற்குப் பதிலாக ஒன்று நீட்டும். ‘பிளட்குட்’ தோட்டத்துக்கென்று தெரிந்தெடுத்த வகை. பெரிய இலை, வேகமான வளர்ச்சி, கோடையிலும் மங்காத நிறம். வேலிக்கரையில் நிற்க அது நல்லது. ஒரு முழத்துக்குள் ஒரு முழு மரத்தின் தோற்றம் வேண்டுமென்றால் கிளைகள் பொடிப்பொடியாகப் பிரியவேணும், இலை சிறுக்கவேணும். மொன்றியல் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பழைய போன்சாய் மேப்பிள்களைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். பெரும்பாலும் பச்சைகள், பெரும்பாலும் சாதாரணங்கள். குளிர்காலத்தில் இலையில்லாமல் நிற்கும்போது கிளைநுனிகள் புகைபோல.

2017 ஆடியில் ஊருக்குப் போனேன். 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது விட்டு வந்த வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ், வேலணை தாண்டிக் கரம்பொன். கூரை இல்லை, நிலைகளும் இல்லை. குசினிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று நின்றது. இரண்டடி உயரம், மணிக்கட்டுத் தடிப்பு, இருபத்தைந்து சதக் குத்தியைவிடக் கொஞ்சம் பெரிய இலைகள், வேர்கள் சுவரோடு ஒட்டி மண்ணைத் தேடி இறங்கியிருந்தன. நான் சாடியில் பத்து வருடம் பாடுபட்டுச் செய்ய நினைப்பதை ஒரு பாழ்வீடு தன்பாட்டில் செய்துவைத்திருந்தது. கொஞ்ச நேரம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், வீட்டைவிட அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமரம் நின்றது. கிணற்றடியில், நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியள் இரண்டுபேர் கல்லெறிந்து விழுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். சிறிசு, நார், பல்லுக் கூசும் புளி. கறுத்தக்கொழும்பான் இப்படி இருக்காதே என்று அடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒட்டின் மேல்பாதி எப்போதோ பட்டுப்போய், கறையான் தின்ற ஒரு பொந்து மட்டும் மிச்சம். அதற்குக் கீழே, அப்பு முறித்து முறித்து ஆட்டுக்குப் போட்ட அதே இடத்திலிருந்து, இந்த முழு மரமும் எழும்பியிருந்தது. “உப்பும் தூளும் இருந்தா நல்லம் அங்கிள்” என்றான் ஒருவன். இருந்திருந்தால் நல்லதுதான்.

ஸ்காபரோவுக்குத் திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது வீட்டை அல்ல.

“மாமரம் நிக்குதே?”

“நிக்குது. ஆனாப் புளி.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். “அப்ப அடி வந்திட்டுது.”

அன்று பின்னேரம் கராஜுக்குப் பின்னால் போனேன். மூன்று வருடமாக மழைத் தண்ணீரில் மட்டும் கிடந்த குத்தி. அந்த ஒற்றைத் துளிர் இப்போது பெருவிரல் தடிப்பு. இலை சிவப்பின் பாதி அளவு. கணுக்கள் நெருக்கம். நறுக்காமலே இரண்டாகவும் நான்காகவும் பிரிந்திருந்தது. ஒக்ரோபரில் அது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வருடம் பார்த்தேன். மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சளுக்கு வந்து, கடைசிக் கிழமை மாதுளம்பூ நிறத்தில் நின்று, ஒரே காற்றில் கொட்டியது. சிவப்பு மரம் வருடம் முழுதும் சிவப்பாக இருந்ததாலோ என்னவோ, இலையுதிர் காலத்தில் அதற்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை.

சிவப்பை அடுத்த வசந்தத்தில் வீட்டு முன்வளவில் நட்டுவிட்டேன். தபால்காரர் பாராட்டுவார். அது சந்தோசமாக இருக்கிறது.

குத்தியில் வேலை அப்போதுதான் தொடங்கியது. ஒட்டுப் புடைப்பைச் சரிவாக அறுத்து எறிந்தேன். பண்ணைக்காரர் வைத்த காயம் முழுவதும் போய், விதையிலிருந்து வந்த அடியும் அதன் சொந்தத் துளிரும் மட்டும் நின்றன. தலைமைக் கிளையை மூன்று வருடம் மரப்பெட்டியில் கட்டுக்கடங்காமல் வளரவிட்டு, அடி தடித்ததும் வெட்டினேன். அடி ஒன்று, அதற்கு மேல் சிறுத்த தண்டு ஒன்று, அதற்கும் மேல் இன்னும் சிறுத்தது. கூம்பு அப்படித்தான் வரும், பொறுமையைத் தவிர வேறு வழியில்லை. குளிர்காலங்களில் சூடில்லாத கராஜுக்குள், நிலத்தோடு, பழைய கம்பளம் சுற்றி. கிளை −20ஐத் தாங்கும். சாடியில் இருக்கும் வேர் −10ஐ அண்டினாலே கெட்டுவிடலாம். கரம்பொன்னில் இது நேரெதிர்ப் பிரச்சினை. அங்கே கொண்டுபோனால் குளிர்த்தூக்கம் கிடைக்காமல் சில வருடத்தில் ஓய்ந்துபோகும்.

ஒரு குறை மிச்சம். முன்பக்கம் முதற் கிளை வரவேண்டிய உயரத்தில் மொட்டே இல்லை. இதற்கு யப்பானியர் செய்யும் வித்தை எனக்கு மிகப் பிடித்தது. மரத்தின் சொந்த நீள்துளிர் ஒன்றை வளைத்து, தண்டில் சின்னத் துளை போட்டு, ஊசியில் நூல் கோப்பதுபோல மறுபக்கம் இழுத்து எடுப்பது. மொட்டு விரிய முன்னம், பங்குனிக் கடைசியில் செய்யவேணும். இலை வந்தால் துளைக்குள் போகாது, மொட்டு உரசினால் சேதம். துளை துளிரைவிட ஒரு மயிரிழை பெரிது. இரண்டு வாயிலும் பசை. துளிர் பின்பக்கத் தாய்க்கிளையில் சாப்பிட்டுக்கொண்டே துளைக்குள் தடிக்கும். இடமில்லாமல் நெருங்கி, பட்டை நசுங்கி, மாறிழையம் மாறிழையத்தைத் தொடும். மாம்பழத்துக்காகச் செய்யும் அதே காரியம். இங்கே மேலும் கீழும் ஒரே மரம். தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிற மரம்.

2022இல் ஒன்று கோத்தேன். அணில் கடித்துப் போய்விட்டது. 2023 பங்குனியில் இரண்டாவது. ஒட்டியதா என்று அறிய வெளியே வந்த பக்கத்தின் தடிப்பையும் உள்ளே போன பக்கத்தின் தடிப்பையும் அளக்கவேணும். வெளிப்பக்கம் தடித்தால் அது தண்டிலிருந்து குடிக்கத் தொடங்கிவிட்டது, உட்பக்கத்தை வெட்டலாம். முதல் இலையுதிர் காலத்தில் இரண்டும் ஒன்று. இரண்டாவதில் வெளிப்பக்கம் அரை மில்லிமீற்றர் கூட.

ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார்கள். படிவத்தில் இனம், வகை, வயது என்று மூன்று கட்டம். இனம் எழுதினேன். வயது ஏறத்தாழ பதினெட்டு என்று எழுதினேன். வகைக்கு ஒன்றுமில்லை. அதை வெறுமையாக விட்டுக்கொடுத்தேன். வாங்கியவர் பேனையைத் திருப்பித் தந்து, மறந்துபோனீர்களா என்று கேட்டார்.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். சாடியைக் கிட்டக் கொண்டுபோய் வைத்தால் விரலால் தடவிப் பார்ப்பார். துளை இருக்கும் இடத்தில் விரல் நிற்கும். “இன்னும் வெட்டேல்லையோ?” என்று கேட்டார் போன கிழமை. இல்லை, இன்னும் ஒரு வருடம் பார்க்கப்போகிறேன் என்றேன்.

“ஓம். அவசரப்படாத.”